அடுப்பு மூட்டுறதுக்கு முன்னால



கொஞ்சம் நீண்ட பதிவு. இண்டைக்கு ராவைக்குச் சமைக்கிறதா, கடையில பார்சல் எடுக்கிறதா என்று யோசித்துக்கொண்டு இருக்கிற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ. சமைக்கிறது பெண்களுடைய வேலை என்று இதைத் தாண்டிப் போற ஆண்களும் வாசியுங்கோ. உங்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு.

போன மாதம் தரம் எட்டு வகுப்பில் உணவும் போசணையும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடத்தைத் தொடங்க முதல், "நேற்று ராவைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒவ்வொருத்தரையும் கேட்டேன். முப்பத்தொரு பிள்ளைகள். பதினான்கு பேர் கொத்து, பிரைட் ரைஸ், ரோல்ஸ் என்று கடைச் சாப்பாடு. ஆறு பேர் பக்கெட் நூடில்ஸ். மூன்று பேர் பிஸ்கட்டும் தேத்தண்ணியும். மற்றப் பிள்ளைகள்தான் வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டவை. நான் உப்பு, எண்ணெய், சீனி வருத்தம், பிரஷர் என்று பெரிய உபதேசம் ஒன்றைத் தொடங்கிவிட்டேன். முன் வாங்கில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டது.

"இடியப்பமும் சொதியும்" என்று சொன்னேன்.

அது பொய். முதல் நாள் ராவு எங்கட வீட்டிலும் கொத்துப் பார்சல்தான். அந்தக் கிழமையில் அது மூன்றாவது பார்சல். அல்லாஹ் மன்னிக்க வேணும், பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பொய் சொன்னது அன்றைக்கு முழுவதும் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது.

காரணம் சொல்லத் தெரியாமல் இல்லை. விடிய நாலரைக்கு எழும்பினால் ஒண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் கால் நிலத்தில் நிற்காது. பிறகு பின்னேர வகுப்பு, அப்பியாசக் கொப்பி திருத்துறது, மகளைக் குர்ஆன் மதரஸாவில் விடுறது, கூட்டிக்கொண்டு வாறது. மஃரிப் தொழுது முடிய உடம்பு சோர்ந்துபோகும். அந்த நேரத்தில் மகன் வந்து, "உம்மா, பார்சல் எடுப்பமா?" என்று கேட்டால் வாயில் "ஓம்" என்றுதான் வரும். எங்கட வீட்டில் இருந்து ஐந்து சந்திக்கு நடக்கிற தூரம். கொத்துத் தட்டுற சத்தம் காற்றுக்குக் கேட்கும்.

எங்களோட என்ட உம்மாவும் இருக்கிறா. எழுபது தாண்டிவிட்டது. சீனியும் இருக்கு, பிரஷரும் இருக்கு. ஒரு நாள் ராவு பத்து மணி போல குசினிக்குப் போனால், உம்மாவுக்குக் கொடுத்த பார்சல் அப்படியே கட்டினபடி மேசையில் இருக்கு. பக்கத்தில் இரண்டு கிறேக்கர் பிஸ்கட் சாப்பிட்ட துகள். "ஏன் உம்மா சாப்பிடயில்ல?" என்று கேட்டேன். "பசிக்கயில்ல மகள்" என்றா. கொஞ்ச நேரம் கழித்து, "சுருக்கா ஏதாச்சும் தாச்சியில போட்டு இறக்கலாம்தானே மகள், அரை மணித்தியால வேலை" என்றா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. களைப்பில் வாற கோபம். "உங்களுக்கென்ன உம்மா, நீங்க வேலைக்குப் போய்வந்து சமைச்ச ஆளா?" என்று கேட்டுவிட்டேன்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. "ஓம் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனா.

படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது, நான் என்ன கேட்டேன் என்று.

1990 ஒக்டோபர் 30 ஆம் தேதி எங்கட சனம் முழுவதும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட நாள். அப்போது எனக்குப் பதினொரு வயது. இரண்டு மணித்தியால அவகாசம். அதைப் பற்றி எங்கட ஆக்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே திரும்ப எழுதவில்லை. வாப்பா தையல்காரர். மெசினை விட்டுவிட்டுத்தான் வந்தவர். வவுனியா வந்து, புத்தளம் வந்து, கடைசியில் கற்பிட்டிப் பக்கம் ஓலைக் கொட்டிலில் இருந்தோம். வாப்பாவுக்கு நெஞ்சு வருத்தம் வந்த பிறகு உம்மா வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனா. யாழ்ப்பாணத்தில் சந்தைக்குக்கூடத் தனியப் போகாத மனிசி. விடிய ஆறு மணிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவா. வந்த கையோடு நாலு பிள்ளைகளுக்கும் வாப்பாவுக்கும் ராச் சாப்பாடு ஆக்க வேணும்.

அந்த மனிசியைப் பார்த்துத்தான் நான் "வேலைக்குப் போய்வந்து சமைச்ச ஆளா?" என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்த நாள் சுபஹ் தொழுதுவிட்டு உம்மாவுடைய கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "விடு மகள், களைப்பில சொன்ன கதைதானே" என்றா. பிறகு நான் கேட்டேன், "அப்ப நீங்க எப்படி உம்மா சமாளிச்சீங்க?" அதற்கு உம்மா சொன்ன பதில்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

"சமையல் அடுப்பு மூட்டுறதுக்கு முன்னால முடிஞ்சிரும் மகள். அடுப்பில நடக்கிறது கடைசி வேலை."

அப்போதுதான் எனக்கு அந்தக் கொட்டில் கண்ணுக்கு முன்னால் வந்தது. முகாமில் விறகுதான் பெரிய பிரச்சினை. தென்னந்தோட்டங்களில் விழுந்து கிடக்கிற பாளையும் மட்டையும்தான் பொறுக்கிக்கொண்டு வருவோம். அது படபடவென்று எரிந்து சட்டென்று அணைந்துவிடும். உம்மா ஒரு சுளகை மடியில் வைத்துக்கொண்டு குந்துவா. தோட்டத்தில் இருந்து கொண்டுவந்த உடைந்த வெங்காயம் அரிந்து ஒரு சிரட்டையில், பச்சை மிளகாய் ஒரு சிரட்டையில், கழுவி ஈரம் துடைத்த நெத்தலிக் கருவாடு ஒரு பக்கம், கறிவேப்பிலை ஒரு பக்கம். வெங்காயம் அரியுறது என்ட வேலை. மட்டை முறிக்கிறது நானாவுடைய வேலை. நிவாரண மாவைக் குழைக்கிறது உம்மா. எல்லாம் சுளகுக்கு வந்த பிறகுதான் நெருப்புப் பெட்டியை எடுப்பா. முதலில் தாச்சியில் ரொட்டி. ரொட்டி முடிய அதே சூட்டில் கொஞ்ச எண்ணெய் விட்டு நெத்தலியை மொறுமொறுவென்று பொரித்து, வெங்காயம், மிளகாய் போட்டு ஒரு பிரட்டல். இறக்குறதுக்கு முன்னால் தேசிக்காய்ப் புளி. கடைசித் தணலில் வாப்பாவுக்குத் தேத்தண்ணி. மூன்று மட்டையில் ஆறு பேருடைய ராச் சாப்பாடு முடிந்துவிடும்.

சீனாவில் மெல்லிய இரும்புச் சட்டியில், எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டி, பெரிய நெருப்பில் சில நிமிடத்தில் வதக்கி எடுக்கிற பழக்கம் பரவியதற்கு விறகைச் சேமிக்க வேண்டிய தேவையும் ஒரு காரணம் என்று உணவு வரலாறு எழுதுகிறவர்கள் சொல்வார்கள். உம்மாவுக்குச் சீனாவும் தெரியாது, அந்தச் சட்டியும் தெரியாது. ஆனால் அதே தேவை வந்தபோது அதே வழியைக் கண்டுபிடித்திருக்கிறா.

2022 ஆம் ஆண்டை யோசித்துப் பாருங்கோ. ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்காமல் வெறும் சிலிண்டரோட வரிசையில் நின்றோம். மண்ணெண்ணெய் 87 ரூபாயில் இருந்து ஓகஸ்ட்டில் 340 ஆனது. நாங்கள் எல்லாரும் பதறிக்கொண்டிருக்க, உம்மா மட்டும் பின் வளவில் மூன்று கல்லை வைத்து, பொச்சுமட்டையும் சிரட்டையும் சேர்த்து, ஒரு சொல்லும் பேசாமல் சமைத்தா. காஸ் வந்த பிறகு நாங்கள் அந்தக் கல்லைத் தூக்கி எறிந்தோம். அதோட படித்ததையும் எறிந்துவிட்டோம்.

இப்போது ஒரு விஞ்ஞான டீச்சராகச் சில விஷயம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

கெதியாக வதக்கிற, பொரிக்கிற சமையலுக்கு எதிரி தண்ணீர். 30 பாகையில் இருக்கிற ஒரு கிராம் தண்ணீரை 100 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 300 யூல் வெப்பம் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 யூல் வேணும். ஏழு மடங்குக்கு மேலே. அதனால்தான் ஈரத்தோட மரக்கறியைத் தாச்சியில் போட்டால் நெருப்பு எல்லாம் அந்த ஈரத்தைப் போக்கவே செலவாகிறது. தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 பாகையைத் தாண்டாது. மீன் பொன்னிறமாகி, வெங்காயம் சிவந்து அந்த மணம் வர 140 பாகை அளவு வேணும். இந்தச் சிவக்கிற மாற்றத்தை 1912 இல் விளக்கிய பிரெஞ்சு விஞ்ஞானியின் பெயரால் அதை மையார் தாக்கம் என்று சொல்வார்கள். உம்மா கருவாட்டைத் துணியால் துடைத்தது சும்மா இல்லை.

இரண்டாவது, தாச்சியை நிரப்பக் கூடாது. ஒரே தரத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் தாச்சி ஆறிப்போகும், இறால் தண்ணி விட்டு அவிந்துபோகும். இரண்டு தரமாகப் போட்டால் மொத்த நேரம் குறையும், ருசியும் இருக்கும்.

இதை எல்லாம் தெரிந்துகொண்டு நான் முதலில் சமைத்த கணவாய் சைக்கிள் ரியூப் மாதிரி வந்தது. மகன் மென்று மென்று தாடை நோகுது என்றான். உம்மா சிரித்துவிட்டுச் சொன்னா, "கணவாயை ரெண்டு நிமிசத்தில இறக்கு, இல்லாட்டி அரை மணித்தியாலத்துக்கு மேல அவிய விடு. நடுவில எடுத்தா பல்லுத்தான் போகும்." நான் எட்டு நிமிடம் வைத்திருந்தேன்.

இப்போது எங்கட வீட்டில் எப்படி நடக்குது என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இஞ்சி, உள்ளி அரைத்துப் போத்தலில் போட்டு பிரிட்ஜில் வைக்கிறோம். தேங்காய் துருவிச் சின்னப் பைகளாகக் கட்டி மேல் தட்டில் உறைய வைக்கிறோம். சின்ன வெங்காயம் உரிக்கிறது மகளுடைய வேலை, கதை சொல்லிக்கொண்டு உம்மும்மாவும் கூட இருந்து உரிப்பா. மற்ற நாட்களில் மஃரிபுக்கு முதல் அரியுற வேலை எல்லாம் முடிந்துவிட வேணும். தொழுதுவிட்டு வந்துதான் அடுப்பு. அடுப்பில் நிற்கிறது பதினைந்து, இருபது நிமிடம்.

திங்கள், இடியப்பக் கொத்து. பக்கத்து ஒழுங்கையில் ஒரு தாத்தா பின்னேரத்தில் இடியப்பம் அவித்து விற்கிறா, அவவிடம் முப்பது எடுத்தால் போதும். கையால் உதிர்த்து ஆற விடுவோம். தாச்சியில் வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கோவாவும் கரட்டும் மெல்லிசாக அரிந்தது, இரண்டு முட்டை, பிறகு இடியப்பம். கரண்டியால் இடிக்காமல் புரட்டிவிட்டால் குழையாது. கடைக் கொத்தில் மாவும் எண்ணெயும்தான் கூட, இதில் பாதி மரக்கறி.

செவ்வாய், சோறும் மீன் பொரியலும் முருங்கையிலை வறையும். மீனுக்கு மஞ்சள், உப்பு, மிளகாய்த் தூள் பூசி வைத்து, தாச்சி நல்லாச் சுட்ட பிறகு அடியில் படுகிற அளவு எண்ணெய் மட்டும் விட்டுப் போடுவோம். போட்டவுடன் திருப்பக் கூடாது. ஒரு பக்கம் சிவந்தால் மீன் தானாகவே தாச்சியை விடும். அவசரப்பட்டால் தோல் அங்கே, மீன் இங்கே. அதே தாச்சியைத் துடைத்துவிட்டு வெங்காயம், செத்தல் மிளகாய் தாளித்து, முருங்கையிலை போட்டு மூன்று நிமிடம், தேங்காய்ப்பூ போட்டு ஒரு நிமிடம். தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். வளவில் முருங்கை நிற்காத வீடு எங்கட ஊரில் குறைவு. காசு கொடுத்துக் கொத்து வாங்குற நாங்கள் சும்மா கிடைக்கிற இலையைப் பார்க்கிறதில்லை.

புதன், இறாலோ கணவாயோ நாவாந்துறையில் மலிவாகக் கிடைத்தால் பிரட்டல். இறால் நிறம் மாறி வளைந்தால் இறக்க வேண்டியதுதான், மூன்று நிமிடத்துக்கு மேலே வேண்டாம். கிடைக்காவிட்டால் உம்மாவுடைய முகாம் சாப்பாடு, ரொட்டியும் நெத்தலியும். உம்மாவுக்கு மட்டும் கருவாட்டை நல்லா ஊற வைத்து உப்பைப் போக்கி, கொஞ்சமாகத்தான் வைக்கிறோம். வியாழன், மத்தியானச் சோறு மிஞ்சினால் முட்டைச் சோறு. ஒரு கவனம்: மிஞ்சின சோற்றை வெளியில் நெடுநேரம் வைக்காதீங்க. ஆறின கையோடு பிரிட்ஜில் வையுங்கோ. பழுதான சோற்றில் பக்றீரியா உண்டாக்குற நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. இது வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கிற விஷயம்.

இப்போது ஆண்களுக்குரிய பகுதி. முதல் கிழமை இவ்வளவையும் நான் தனியத்தான் செய்தேன். வியாழக்கிழமை ஆகும்போது திரும்பவும் பார்சல் எடுப்போம் என்ற நிலை. முகாமில் உம்மா தனியச் சமைக்கவில்லை, நாங்கள் எல்லாரும் அந்தச் சுளகைச் சுற்றி இருந்தோம் என்பதை மறந்துபோனேன். அதை இவரிடம் சொன்னேன். இவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீன் துப்புரவாக்குறது நான்" என்றார். இப்போது ரொட்டி சுடுறதும் அவர்தான். வட்டமாக வராது, ஆனால் நல்லா வெந்திருக்கும். ரசூலுல்லாஹ் (ஸல்) வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாருக்கு உதவியாக வேலை செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் போவார்கள் என்று ஆயிஷா நாயகி (ரலி) சொன்ன ஹதீஸ் புகாரியில் இருக்கு. ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுற எங்கட ஆண்கள் வீட்டுக்கு வந்து வெங்காயக் கத்தியை எடுத்தால் அதுவும் சுன்னத்துத்தான்.

கடைக்காரச் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். திரும்பி வந்து, உடைந்த வீட்டைக் கட்டி, கொத்துத் தட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஆக்கள் எங்கட ஆக்கள்தான். அவர்களுடைய உழைப்பு ஹலாலான உழைப்பு. நாங்களும் வெள்ளிக்கிழமை ராவு குடும்பமாகப் போய்ச் சாப்பிடுகிறோம். கிழமையில் ஒரு நாள் என்றால் அது சந்தோசம். நாலு நாள் என்றால் அது பழக்கம், அதற்குப் பிறகு கிளினிக் வரிசையில்தான் நிற்க வேணும். எங்கட ஊரில் நாற்பது வயதிலேயே சீனிக் குளிசை போடுகிற எத்தனை பேரை எனக்கே தெரியும்.

முழுக்கச் சரியாக நடக்குது என்று சொல்ல மாட்டேன். போன கிழமை தவணைப் பரீட்சைத் தாள் திருத்தினபோது இரண்டு நாள் பார்சல்தான் எடுத்தோம். ஆனால் முன்னர் மாதிரி உம்மா பிஸ்கட்டோட படுக்கவில்லை. அவவுக்கு ஒரு முட்டை பொரித்து, ஒரு ரொட்டி சுட்டுக் கொடுக்க ஏழு நிமிடம்தான் எடுத்தது. மகன்தான் செய்தான்.

உம்மாவுக்கு இப்போது தாச்சியைத் தூக்க ஏலாது, கை நடுங்கும். குசினி வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொள்ளுவா. கண்ணும் சரியாகத் தெரியாது. ஆனால் அடுப்பில் இருந்து வாற சத்தத்தையும் மணத்தையும் வைத்தே "இப்ப போடு", "போதும், இறக்கு" என்று சொல்லுவா. ஒரு நாளும் பிழைத்ததில்லை. ஒரு ராவு மகன் கேட்டான், "உம்மும்மா, முகாமில நீங்க பசியோட படுத்திருக்கிறீங்களா?" உம்மா சொன்னா, "நான் படுத்திருக்கிறன் மகன். உன்ட உம்மாவைப் படுக்க விட்டதில்ல."

நான் தாச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெங்காயம் அரிந்த கண்தான் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள்.

போன திங்கட்கிழமை அதே தரம் எட்டு வகுப்பில் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டேன். இந்த முறை முதலில் நானே சொன்னேன்: "போன மாதம் இடியப்பம் என்று சொன்னது பொய் பிள்ளைகள், அண்டைக்கு நானும் கொத்துத்தான் சாப்பிட்டேன்." வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு பெடியன் எழும்பி, "டீச்சர், எனக்கும் முட்டை பொரிக்கத் தெரியும்" என்றான். "வெங்காயமும் அரிவியா?" என்று கேட்டேன். "அது தங்கச்சி" என்றான். "நாளையில இருந்து நீ" என்று சொல்லியிருக்கிறேன். அவனுடைய வாப்பா இதை வாசித்தால் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கோ.

உங்கட வீட்டில் இருபது நிமிடத்தில் ஆகிற சாப்பாடு என்னவென்று கீழே எழுதுங்கோ. உங்கட உம்மாமாரிடம் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேணும்.

என்ட உம்மாவுடைய ஆரோக்கியத்துக்கும், புத்தள மண்ணில் அடங்கியிருக்கிற வாப்பாவுடைய மறுமைக்கும் துஆச் செய்யுங்கோ.

வஸ்ஸலாம்.